பதினொன்றாவது டேக்

— ‘பிப்ரவரி 17, செவ்வாய். இன்று ஒரு சிறிய தப்பைக் கண்டுபிடித்தேன். தப்பு என்னுடையதுதான். ஏழாவது லூப்பில் மூன்றாவது டேக்கை அனுப்ப வேண்டியவன், பதினொன்றாவது டேக்கை அனுப்பிவிட்டேன். இனி எதை அனுப்பினாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.’ ஏலே ஹரி, கோர்ட்டுல வாக்குமூலம் குடுக்குறவன்கூட இம்புட்டுப் பவ்வியமா எழுத மாட்டான்லே!

— அக்கா, நோட்டக் கீழ வையி. அடுத்தவுக நோட்ட எடுத்துப் படிக்கிறது நல்லாவா இருக்கு?

— கடைய ரெண்டு மணிக்குச் சாத்திட்டு, நாலு மணி வரைக்கும் செத்த கண்ணசரலாம்னு வந்தா, மாடியில நீ டம்மு டம்முன்னு அடிச்சுக்கிட்டு இருக்க. காலையில இருந்து ஒரே அடி. புண்ணாக்கு வாங்க வந்த திருச்சுழிக்காரரு, ‘மேல என்னம்மா, தச்சு வேல நடக்குதா’ன்னு கேக்குறாரு.

— ஒரே அடின்னு சொல்லாதக்கா. அதான் பிரச்சனையே. ஒரே அடி வர மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருது.

— சோறு ஆறிப்போச்சு. தின்னுட்டு வந்து அடி.

— ஒரு நிமிசம் இரு. இது முப்பத்தேழாவது தடவ. முப்பத்தெட்டோட நிப்பாட்டிக்கிறேன்.

— எண்ணிக்கிட்டா அடிக்கிற?

— எண்ணாம எப்படி? எண்ணி, எழுதி வச்சுப் பாத்தாத்தான எங்க தப்புன்னு தெரியும்?

— தெரிஞ்சுதா?

— இல்ல.

— நெனச்சேன். என்னதான்லே ஆச்சு ஒனக்கு? நேத்து சாயங்காலம் கிளாஸு விட்டு வந்ததுல இருந்து மொகமே சரியில்ல. அப்பா ரெண்டு தடவ கூப்பிட்டதுக்கும் பதில் சொல்லல. முட்டு வலியோட கெடக்குற மனுசன், ‘அவனுக்கு என்ன தாயி’ன்னு என்னயக் கேக்குறாரு. எனக்கென்ன தெரியும்?

— கிளாஸு எடுக்குற தனுஷ்கோடி சார் மூலமா மதுரையில பாட்டுப் பதியுற ஸ்டூடியோவுக்குப் பதினாறு லூப்பு அனுப்புனேன்ல?

— லூப்புன்னா? கிளாஸுப் பேச்சு பேசாத. புண்ணாக்குக் கடைக்காரிக்குப் புரியுற மாதிரி சொல்லு.

— சின்னத் தாளம்க்கா. நாலு வட்டந்தான் இருக்கும். முடிஞ்ச எடத்துல இருந்து திரும்பத் தொடங்கி, ஓடிக்கிட்டே இருக்கும். அது மேலதான் பாட்டுக்கு மத்ததெல்லாம் ஏத்துவாக. நான் இந்தப் பேடுல, இந்த ரப்பர் கட்டைக மேல விரலால அடிக்கிறேன் பாரு, லேப்டாப்பு இதோட சத்தத்தப் பதியாது. எந்தக் கட்டைய, எந்த நேரத்துல, எம்புட்டுப் பலமா அடிச்சேன்ங்கிற குறிப்ப மட்டும் பதிஞ்சு வச்சுக்கும். அதுக்குப் பேருதான் மிடி. பெறகு அந்தக் குறிப்புக்கு உறுமியோ, தவிலோ, எந்தக் கொட்டுச் சத்தம் வேணுமோ அத மாட்டிக்கலாம். அடிச்சத நகத்தலாம், வெட்டலாம், ஒட்டலாம்.

— மைக்க வச்சு நேராப் பதிய வேண்டியதுதான?

— எங்க பதிய? பக்கத்து வீட்டு நல்லமுத்து மாமாவோட கரண்டுத் தறி ராத்திரி பத்து வரைக்கும் ஓடுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் நானு. மைக்க வச்சா தறிதான் பதியும். அதனாலதான மிடி.

— சரி, தப்பா அடிச்சாலும் நகத்தி வச்சுக்கலாம்ங்குற. பெறகு எதுக்கு இழவு வீடு மாதிரி ஒக்காந்திருக்க?

— பதினஞ்ச வேணாம்னுட்டாகக்கா.

— பதினாறுலயா?

— பதினாறுல. ‘கட்டம் போட்ட நோட்டுல எழுதுன மாதிரி இருக்கு’ன்னு சொன்னாகளாம். நான் என்ன செய்யட்டும்? மொதத் தடவ அடிச்சத அப்படியே அனுப்புனேன். கை தள்ளாடுதுன்னாக. சரி தள்ளாடக் கூடாதுன்னு ஒவ்வொரு அடியையும் இழுத்துக் கோட்டுல ஒட்ட வச்சு அனுப்புனா, உசுரு இல்லங்குறாக. ஒட்ட வச்சா உசுரு இல்ல, ஒட்ட வைக்காட்டித் தள்ளாட்டம். இதுக்கு ரெண்டுக்கும் நடுவுல என்னதான் இருக்கு? ரெண்டு வருசமா கிளாஸுக்குப் போறேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல. எனக்குத் தெரியல.

— பதினஞ்சு போச்சு, சரி. மிச்சம் ஒண்ணு?

— ஏழாவது. அது பிடிச்சுப்போச்சாம். ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். ‘இந்தக் கைய நேர்ல பாக்கணும், வியாழக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லுங்க’ன்னு சாருட்டச் சொல்லியிருக்காக. நாளைக்குத்தான். அங்கன ஒரே ஒரு எடம் காலியா இருக்கு. கூடவே வச்சுக் கத்துக் குடுத்து, வேலையும் குடுப்பாகளாம்.

— அட கூறுகெட்டவனே! இத மொதல்ல சொல்ல மாட்டியா? அப்பாட்டச் சொன்னியா?

— எதச் சொல்ல? அவுக முன்னால ஒக்காந்து ஏழாவது லூப்ப அடிச்சுக் காட்டணும். நான் காலையில இருந்து அடிக்கிறேன், வர மாட்டேங்குது. அடிச்சவன் நான். எனக்கே வர மாட்டேங்குது.

— பயத்துல வராம இருக்கும். ஒருக்க வந்தது திரும்ப வராமயா போயிரும்?

— பயந்தாலும் பாதியாச்சும் வரணும்லக்கா? இங்க பாரு. ஒரு தடவ அடிச்சுப் பதிஞ்சா ஒரு டேக்கு, இது பதினொன்னாவது டேக்கு. கோடு தெரியுதா? இந்தக் கட்டை கட்டையா இருக்கிறதெல்லாம் அடி. ஒத்த அடி சரியாக் கோட்டுல நிக்குது. அடுத்த அடி கோட்டுக்குப் பின்னாடி நிக்குது. மறுபடி ஒண்ணு கோட்டுல, ஒண்ணு பின்னாடி. இதெல்லாம் தப்பு. ஆனா எல்லாத் தப்பும் ஒரே அளவுக்குத் தப்பு. தப்பு பண்றவன் எங்கயாச்சும் ஒரே அளவுக்குத் தப்பு பண்ணுவானா? பலத்தப் பாரு. நூத்திப் பத்து, முப்பத்தி நாலு, நூத்தி எட்டு, முப்பத்தி மூணு. ஓங்கி ஒரு அடி, தடவுன மாதிரி ஒரு அடி. எனக்கு எழுபது, எம்பது, எழுபத்தி ரெண்டுதான் வரும். எப்பயும் அதான் வரும். நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.

— எனக்கு ஒண்ணும் புரியல. நல்லா இருக்குன்னு அவுக சொல்லிட்டாகள்ல? பெறகு எதுக்குத் தப்பு தப்புங்குற?

— பங்குனிக்குள்ள ஒரு வழி தெரியலன்னா கடையில வந்து ஒக்காருன்னு அப்பா சொல்லிட்டாரு. இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. நாளைக்கு விட்டா எனக்கு வேற வழியில்ல. அப்பறம் ஆயுசுக்கும் தவிடும் புண்ணாக்குந்தான்.

— ரெண்டு வருசமா நான் ஒக்காந்திருக்கேன்லே அங்கன. கடையில என்ன முள்ளா மொளச்சிருக்கு?

— நான் அப்படிச் சொல்லலக்கா.

— அப்படித்தான் சொன்ன. பரவாயில்ல, சொல்லு. அப்பா முட்டுக்கு ஆபரேசன் பண்ணுன அன்னைக்கு, ‘ஜெகதீஸ்வரி, ஆறு மாசத்துக்குக் கடையப் பாத்துக்க தாயி’ன்னாரு. எந்த ஆறு மாசம்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அத விடு. அந்த ஏழாவது லூப்ப நீ என்னைக்கு அடிச்ச? அன்னைக்கு என்ன பண்ணுன, எப்படி ஒக்காந்திருந்த, அத நெனச்சுப் பாரு.

— நெனச்சுப் பாக்க வேண்டாம். எழுதி வச்சிருக்கேன். இரு. ‘பிப்ரவரி 14, சனி. மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடக்கம். ஏழாவது லூப். எட்டு டேக். மூன்றாவது சுமார். மற்றவை மோசம்.’

— எட்டா?

— எட்டு.

— பதினொன்னாவதத்தான அனுப்புனேன்னு எழுதியிருந்த? எட்டு அடிச்சவனுக்குப் பதினொன்னாவது எங்க இருந்து வந்துச்சு?

— அதான் நேத்துல இருந்து மண்டையப் போட்டு ஒடைக்கிறேன். ரெக்கார்டு ஓடிக்கிட்டே இருந்தா, நாலு வட்டத்துக்கு ஒருக்க அதுவாப் புது டேக்காச் சேந்துக்கிட்டே இருக்கும். யாரும் கட்டையத் தொடலன்னா சேராது. லேப்டாப்புல பதினொன்னு இருக்கு. நோட்டுல எட்டு இருக்கு. அப்ப நான் எண்ணுனது தப்பு. எண்ணிக்ககூட எனக்குச் சரியா வரல பாரேன். பதினாறு லூப்பையும் அடுக்கி வச்சு ஒரே மூச்சா அனுப்புனேன், கடைசி டேக்கு அதுவா மேல வந்து நின்னுருக்கும், நான் கவனிக்கல.

— சனிக்கெழம மத்தியானம் நீ ஊடால எங்கயாச்சும் போனியாலே?

— எங்கயும் போகல. இல்ல, இரு. அப்பாவுக்கு மாத்திர தீந்துபோச்சுன்னு பஜாருக்குப் போனேன். சைக்கிள்ல போயி சைக்கிள்ல வந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

— போகயில இந்தச் செவப்பு லைட்ட அணைச்சிட்டுப் போனியா?

— ஒனக்கு எப்படி செவப்பு லைட்டு தெரியும்?

— மொட்டமாடியில வத்தல் காய வச்சிருந்தேன். அதத் திருப்பிப் போட வந்தேன். இந்த ரூமு தொறந்து கெடந்துச்சு. பேடு மேல ஒரு லைட்டு மினுக்கு மினுக்குன்னு செவப்பா எரிஞ்சுச்சு. யாருமில்ல. நிண்ட மேனிக்குக் கைய வச்சேன். அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானா?

— கொஞ்ச நேரம் அடிச்சேன். வத்தல் தொட்ட கையோட அடிச்சேன்னு, முந்தானையால தொடச்சிட்டு வேற போனேன்.

— எம்புட்டு நேரம்?

— அத யாரு எண்ணுனா? நீ வார சைக்கிள் சத்தம் கேக்கவும் விட்டுட்டு ஓடிட்டேன்.

— எனக்கிட்ட ஏன் சொல்லல?

— எதையாச்சும் அழிச்சுப்புட்டேனோன்னு பயந்துக்கிட்டுச் சொல்லலடா! நீ இத ஒரு துணியப் போட்டு மூடி வைக்கிறவன். கிட்ட வந்தா கத்துறவன். நான் கையக் கழுவாம வச்சேன்னு தெரிஞ்சா ஆடித் தீத்துர மாட்ட?

— அப்ப ஒம்பது, பத்து, பதினொன்னு, மூணும் நீ அடிச்சது.

— இருக்காதுலே. நான் சும்மா தட்டுனேன். அத யாராச்சும் நல்லா இருக்குன்னு சொல்வாகளா?

— சொல்லிட்டாகளே! அதத்தான சொல்லியிருக்காக! நான் பதினஞ்சு லூப்ப பதினஞ்சு நாளா ஒக்காந்து, அடி அடியா நகத்தி, நம்பரு நம்பராத் திருத்தி அனுப்புனேன். அதெல்லாம் குப்ப. நீ வத்தலத் திருப்பிப் போட வந்த வாக்குல தட்டிட்டுப் போனது தங்கம். எனக்கு வேணும்க்கா. நல்லா வேணும்.

— கத்தாதலே, கீழ அப்பாவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! சந்தோசப்படுவாரு. கடையில ஒக்கார ஒரு ஆளு உறுதியாச்சுன்னு.

— ஹரி.

— சரி, ஒக்காரு. இந்தச் சேருல ஒக்காரு. அடி பாப்போம். நீதான் அடிச்சேன்னா மறுபடி அடி.

— என்னயச் சோதிக்கிறியாக்கும்?

— ஆமா. சோதிக்கத்தான் போறேன். இந்த ஹெட்போன மாட்டு. உள்ள டொக்கு டொக்குன்னு கேக்கும். அதுக்குப் பேரு க்ளிக்கு. அதப் பிடிச்சுக்கிட்டு அடிக்கணும். நாலு டொக்கு விட்டுட்டு அஞ்சாவதுல தொடங்கு.

— காது ஒரு பக்கந்தான் கேக்குது.

— அது அப்படித்தான் கேக்கும். வயரு போயிருச்சு. அடி.

— இதுவா... இப்பயா... ஏ, நிறுத்துலே. ஒண்ணுமே வரல. யாரோ பக்கத்துல நிண்டுக்கிட்டு பிரம்பால மேசையத் தட்டுற மாதிரி இருக்கு. பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.

— பாத்தியா! ஒனக்கும் வரல. அப்ப நீயும் அடிக்கல, நானும் அடிக்கல. பேயி வந்து அடிச்சிட்டுப் போயிருக்கு.

— இம்புட்டு சந்தோசப்படாத. இந்தக் கருமத்தக் கழட்டு. அன்னைக்கு நான் இத மாட்டல.

— க்ளிக்கு இல்லாமயா அடிச்ச? அப்ப எதப் பிடிச்சுக்கிட்டு அடிச்ச? வேகம் எப்படி மாறாம நின்னுச்சு?

— எதையும் பிடிக்கல. தறிக்கு அடிச்சேன்.

— தறிக்கா?

— நல்லமுத்து மாமா வீட்டுல சுவத்தோரமா ஓடுதே, அந்தத் தறிக்கு. காதக் குடுத்துக் கேளு. நாடா போகயில ஒரு சத்தம், வரயில ஒரு சத்தம். டக்கு, டடக்கு. டக்கு, டடக்கு. போற சத்தம் கனமா விழும். வார சத்தம் லேசா, இத்தனூண்டு தாமசமா விழும். அது எடையில எனக்குத் தோணுனதப் போட்டுக்கிட்டே போனேன். கடையில சும்மா இருக்கயில தவிட்டு டின்னுல தட்டுவேன்ல, அது மாதிரி.

— இரு... இரு, இரு. ஒண்ணு கோட்டுல. ஒண்ணு பின்னாடி. இங்கயும் பின்னாடி. எல்லாம் ஒரே அளவுக்குப் பின்னாடி. ஐயோ, இதத் தப்புன்னு நெனச்சேனே! அனுப்புறதுக்கு முன்னால பாத்திருந்தா எல்லாத்தையும் இழுத்துக் கோட்டுல ஒட்ட வச்சிருப்பேன்க்கா. ரெண்டு தடவ பாத்திருந்தா ரெண்டு தடவ ஒட்டியிருப்பேன்.

— வேகம் சரியா இருக்காமா?

— நான் வச்ச வேகத்துக்கும் நீ அடிச்சதுக்கும் இம்மிகூட வித்தியாசம் இல்ல. எனக்கே தெரியாம தறி ஓடுற வேகத்தத்தான் க்ளிக்குல வச்சிருக்கேன் போல. பொறந்ததுல இருந்து இந்தச் சுவத்தோரம்தான கெடக்கேன். எனக்கு வேகம் மட்டும் ஒட்டியிருக்கு. ஒனக்கு மிச்சமும் ஒட்டியிருக்கு.

— இப்ப அடிக்கட்டா? தறி ஓடுது.

— அடி. லைட்டு எரியுது. அடி.

— பேசாம இரு. மூச்சுகூட விடாத. ... ம். ... இப்படி. ... இப்படித்தான் அன்னைக்கு.

— அக்கா...

— பேசாதங்குறேன்ல.

— கரண்டு போயிருச்சுக்கா.

— போகட்டும். லேப்டாப்பு ஓடுதுல்ல?

— லேப்டாப்பு பேட்டரியில ஓடுது. அது இல்ல. தறி நின்னுபோச்சு.

— என்னது?

— தறி நின்னு ஒரு நிமிசமாச்சு. நீ இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்க. ஒரு முடி பிசகல.

— அட, ஆமா! சத்தமே இல்ல. நான் கவனிக்கலயே.

— நிப்பாட்டாதக்கா, நிப்பாட்டாத! இன்னும் ரெண்டு வட்டம்... போச்சு. நிப்பாட்டிட்ட.

— வேர்த்துப்போச்சுலே. காத்தாடி வேற இல்ல.

— ஆறு டேக்கு வந்திருக்கு. ஆறுல எது நல்லதுன்னு தேடவே வேண்டாம். எதப் போட்டாலும் நல்லா இருக்கும்.

— சரி, அழுகாத. நான் சொல்றதக் கேளு. இதெல்லாம் லேப்டாப்புல இருக்குல்ல? நீ பாத்துப் பாத்துப் படிச்சுக்க. நாலு வட்டந்தான? நாளைக்குப் பத்து மணிக்குள்ள கைக்கு வந்துரும். போயி அடிச்சுக் காட்டு. எடத்தப் பிடி. வேணும்கிற லூப்ப நான் மத்தியானம் மத்தியானம் தட்டித் தாரேன். நீ வெட்டி ஒட்டி அனுப்பிக்க. யாருக்குத் தெரியப் போகுது?

— அப்படி முடியுமாக்கா?

— ஏன் முடியாது? கடையில வியாபாரம் அப்பா பேருலதான நடக்குது? நான்தான ஒக்காந்திருக்கேன்?

— ஒருக்க அடிச்சுப் பாக்குறேன். முப்பத்தொம்போது... சீ! நாப்பது... இதுவும் இல்ல. ஒனக்கு எப்படித்தான் அந்தச் சின்ன அடி விழுது?

— யோசிக்காம அடி.

— யோசிக்காம இருக்கணும்னு யோசிக்கிறேன்க்கா, யோசனதான் வருது. இரு, ஃபோனு. தனுஷ்கோடி சாரு.

— ஸ்பீக்கர்ல போடு. எடு.

— சார், வணக்கம் சார்.

— ஹரி, நல்ல சேதிய்யா. ஒம் பேரக் குடுத்துட்டேன். நாளைக்குப் பத்து மணி. லேட்டாப் போயிராத. அவுக நேத்துல இருந்து அந்த ஏழாவதத்தான் போட்டுப் போட்டுக் கேக்குறாகளாம். ‘எங்கன இருந்துய்யா இந்தக் கை வந்துச்சு’ன்னு கேட்டாக. ‘நம்ம பாளையம்பட்டிப் பையன், ரெண்டு வருசமா ஒரு நாளு கிளாஸுக்கு லீவு போடாதவன்’னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன்.

— சார்... அந்த ஏழாவது லூப்பு...

— ம், சொல்லு. அதுக்கென்ன?

— அது வந்து சார்...

— என்னய்யா முழுங்குற? கூட ஏதாச்சும் கொண்டுவரணுமான்னா? ஒண்ணும் வேண்டாம். பேடெல்லாம் அங்கனயே இருக்கு. கையக் கொண்டு போ, போதும்.

— சரி சார்.

— வேற ஒண்ணுமில்லல்ல?

— இல்ல சார். பத்து மணிதான?

— பத்து. நல்லாச் செய்யி. வச்சிரவா?

— சரி சார்.

— வச்சிட்டாரா?

— வச்சிட்டாரு.

— நல்ல வேள, ஒளறிப்புடுவியோன்னு பயந்துட்டேன்.

— ஒளறத்தான் நெனச்சேன். வாய் வரல. லீவு போடாதவன்னு சொல்றாருக்கா. அவரு என்னயப் பத்திச் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்.

— விடு. கிளாஸுக்குப் போகாமயா இம்புட்டும் தெரிஞ்சுக்கிட்ட? நான் தட்டுனது, நீ இல்லாட்டி காத்தோட போயிருக்கும். ... ஏலே, அந்தப் பதினொன்னாவத ஒருக்கப் போடேன். கொட்டுச் சத்தத்தோட. நான் இன்னும் கேக்கவே இல்ல.

— இந்தா, ஹெட்போன மாட்டிக்க. நல்ல காதுல வையி.

— ...

— என்னக்கா?

— இது நானா?

— நீதான்.

— உறுமிச் சத்தம் வருதேடா. நான் ரப்பர் கட்டையிலதான தட்டுனேன்? இன்னொரு தடவ போடு. ... அவுக என்ன சொன்னாகன்னு சொன்ன?

— இந்தக் கைய நேர்ல பாக்கணும்னு சொன்னாகளாம்.

— கைன்னா சொன்னாக? அப்படியேவா?

— அப்படியேதான். எங்கன இருந்து இந்தக் கை வந்துச்சுன்னு இப்பக்கூட சாரு சொன்னாருல்ல. நீதான கேட்ட.

— கேட்டேன், கேட்டேன். சும்மா திருப்பிக் கேட்டேன். இன்னொரு தடவ போடு. ... போதும், கழட்டு. நேரமாகுது. முகத்தக் கழுவிட்டுக் கடையத் தொறக்கணும்.

— மணி நாலு ஆகலக்கா. இன்னொருக்க வேணா கேட்டுட்டுப் போ.

— வேண்டாம். கேட்டா கேட்டுக்கிட்டே இருக்கத் தோணும். நாளைக்கு லோடு வேற வருது. இன்னைக்கே எடத்த ஒதுக்கி வைக்கணும்.

— என்ன லோடு?

— பருத்திக்கொட்ட. விருதுநகர்ல இருந்து. நீ எதுக்கு இதெல்லாம் கேக்குற? ஒழுங்கா ஒக்காந்து படி.

— சும்மாதான். எத்தன மூட? எப்ப வரும்?

— நாப்பது. எட்டே காலுக்கெல்லாம் லாரி வந்து நிக்கும். மாரிக்கண்ணன்னு ஒரு டிரைவரு. ஆரன அடிச்சே தெருவக் கூட்டிருவான். மூடையத் தட்டிப் பாத்து எறக்கணும், ஈரம் ஏறி இருந்தா அங்கனயே திருப்பி அனுப்பிரணும். அவன் ஏதாச்சும் சமாதானம் சொல்லுவான், கேக்கக் கூடாது.

— ஈரம்னு எப்படித் தெரியும்?

— கைய உள்ள விட்டுப் பாத்தாச் சூடு தெரியும். என்னலே, எழுதிக்கிட்டு இருக்க?

— எழுதுனாத்தான எனக்கு நிக்கும். சாவி எங்கன இருக்கும்?

— பூஜ ரூமுல, ஆணியில. பெரிய சாவி மேல் பூட்டுக்கு. கீழ்ப் பூட்டு சாவியப் போட்டு ஒரு ஆட்டு ஆட்டணும், அப்பத்தான் தொறக்கும். நான் கேக்குறது காதுல விழலயா? நாளைக்கு ஸ்டூடியோவுல போயி மூடையா எறக்கப் போற? அந்த நாலு வட்டத்தப் படிக்காம என்னத்தலே எழுதுற?

— நாளைக்குப் பாக்க வேண்டிய வேல. தெனம் எழுதுறதுதான்.

— ஒன்னயத் திருத்தவே முடியாது. சரி, எழுதுனத வாசி, கேட்டுட்டுப் போறேன். ஒன்னுக்கு ரெண்டு தடவ பாத்து எழுதுனியா?

— ரெண்டு தடவ பாத்துட்டேன். ‘பிப்ரவரி 19, வியாழன். காலை ஆறு மணிக்கு தனுஷ்கோடி சாருக்கு ஃபோன் செய்து, ஹரி என்ற பேரை ஜெகதீஸ்வரி என்று மாற்றச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு மதுரை பஸ்ஸில் அக்காவை ஏற்றிவிட வேண்டும். எட்டு மணிக்குக் கடையை நான் திறக்க வேண்டும்.’